வரைதலும் எழுதுதலும்: மணலில் தொடங்கிய ஒரு கல்வி வரலாறு

தமிழ்த் தேர்வுத் தாளில் "கடிதம் வரைக", "கட்டுரை வரைக" என்று கேட்பார்கள். எழுதச் சொல்லாமல் ஏன் வரையச் சொல்கிறார்கள் என்று யோசித்தவர்கள் குறைவு. பன்னிரண்டு வருடம் படித்து முடிக்கும் வரை அது ஒரு வழக்கமான வினாச் சொல் என்று கடந்து போய்விடுகிறோம்.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. தமிழில் வரைவதற்கும் எழுதுவதற்கும் நடுவில் சுவர் கிடையாது. படமும் வரையலாம், கடிதமும் வரையலாம். பழைய தமிழில் ஓவியத்தை "எழுதினார்கள்". கண்ணுக்கு மை "எழுதினார்கள்". சங்க காலத்துப் பெண்களின் உடலில் தொய்யில் "எழுதினார்கள்". கோடு இழுத்து ஒன்றை உருவாக்கும் வேலை எதுவானாலும் அது எழுத்துதான்!

இன்று மழலையர் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள், கலை மூலமாகக் குழந்தைக்கு மொழியைக் கற்றுத்தர வேண்டும், கற்பனையை வளர்க்க வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த புதிய கண்டுபிடிப்பு போலவே இது நமக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில் இந்த யோசனைக்கு ஒரு நீண்ட பயணம் உண்டு. அந்தப் பயணத்தின் ஒரு பெரிய பகுதி நம் கடற்கரையில், கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, சென்னை என்று நடந்தது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

மணல் விரித்த திண்ணை

அச்சுப் புத்தகமும் சிலேட்டும் வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டுக் குழந்தையின் முதல் நோட்டுப் புத்தகம் மணல்தான். ஐந்து வயதுப் பிள்ளையை விஜயதசமி அன்று திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அரிசியிலோ மணலிலோ குழந்தையின் விரலைப் பிடித்து வாத்தியார் "அ" எழுதவைப்பார். அன்றிலிருந்து பல மாதங்களுக்கு அதுதான் வேலை. தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை இழுத்து, அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பிழையானால் உள்ளங்கையால் ஒரு தடவல். மறுபடி புதுப் பலகை!

விரல் வரைகிறது, கண் பார்க்கிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. நான்கும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எழுத்து நன்றாகக் கைக்கு வந்த பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். அதுவரை தவறுக்குச் செலவே இல்லை. ஓலையில் பிழை விட்டால் ஓலை வீண், மணலில் பிழை விட்டால் ஒன்றும் வீணில்லை. பயமில்லாமல் கிறுக்கிப் பார்க்க ஒரு குழந்தைக்கு வேறென்ன வேண்டும்?

இப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை இருந்தன? சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 1826-ல் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். படித்தவர்கள் சுமார் 1,88,000 பேர். கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டமும் இந்தக் கணக்கில் உண்டு.

ஆனால் இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பிரம்படியும் கோதண்டமும் திண்ணைப் பள்ளியின் அன்றாடம். பெண் குழந்தைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது 1916-ல். மணலுக்குக் காசு கிடையாதுதான். ஆனால் அந்த மணலின் முன்னால் உட்காரும் உரிமைக்காக மட்டும் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பார்த்து வியந்த வெளிநாட்டார்

இந்த மணல் முறையைப் பார்த்து எழுதிவைத்தவர்களில் ஒருவர் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே. 1623-ல் கர்நாடகத்தின் இக்கேரியில் சில சிறுவர்கள் கணக்குப் படிப்பதைக் கண்டார். ஒருவன் பாடத்தை ராகம் போட்டுப் பாடிக்கொண்டே மணலில் விரலால் எழுதுகிறான். மற்றவர்களும் கூடவே பாடி எழுதுகிறார்கள். இடம் நிறைந்ததும் அழித்துவிட்டுப் புது மணல் தூவுகிறார்கள். பக்கத்தில் வாத்தியாரே இல்லை! ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கொள்கிறார்கள்.

அடுத்தவர் சீகன்பால்கு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார். அப்போது வயது 24. அதாவது இன்றைய கல்லூரி மாணவனைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம். தமிழ் கற்க வேண்டும், இலக்கண நூலோ அகராதியோ கையில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு தமிழ் வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். சில ஆண்டுகளில் தமிழில் புத்தகம் எழுதி அச்சிடும் அளவுக்கு வந்துவிட்டார்.

தரங்கம்பாடி மிஷனின் கிளை கடலூருக்கும் வந்தது. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அதுதான் புனித டேவிட் கோட்டை. அதன் நிழலில் மிஷன் பள்ளிகளும் நடந்தன. 1740-ல் வந்த கியர்நாந்தர் என்ற சுவீடன் நாட்டவர், பிரெஞ்சுக்காரர்கள் 1758-ல் கோட்டையைப் பிடிக்கும் வரை கடலூரில் பணி செய்தார். பிறகு கல்கத்தாவுக்குப் போய்விட்டார்.

மணல் கப்பலேறிய கதை

மூன்றாவது வெளிநாட்டவர்தான் மிக முக்கியமானவர். அவர் பெயர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் வளர்ந்த இடம் அது.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் விடவில்லை. எட்டு வயதே ஆன ஒரு சிறுவனைக் கூப்பிட்டுக் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லித்தரச் சொன்னார். வாத்தியார்களால் முடியாததை அந்தப் பையன் செய்து காட்டினான்!

திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை இருப்பான் அல்லவா, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். இங்கிலாந்து திரும்பிய பெல் 1797-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அது "மெட்ராஸ் முறை" என்று பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதே போன்ற பள்ளி நடத்தினார். பெல் 1832-ல் இறந்தபோது அவர் முறையில் 12,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. அவர் பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் "மெட்ராஸ் காலேஜ்" என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

இதைப் படித்ததும் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்துக்கு இந்த முறை ஏன் பிடித்தது? செலவு குறைவு என்பதால். தொழிற்புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குறைந்த காசில் எழுத்தறிவு தர வேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், மற்ற வேலையெல்லாம் சட்டாம்பிள்ளைகள், காகிதத்துக்குப் பதில் மணல். வணிகவியல் மாணவர்கள் வகுப்பில் படிக்கும் "ஒரு அலகுக்கான செலவு" என்ற கணக்கு அப்படியே பொருந்தும்.

லங்காஸ்டர் பள்ளிகளில் மணல் பெட்டியின் முன்னால் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கட்டளை வந்ததும் எல்லோரும் ஒரே எழுத்தை எழுத வேண்டும். அடுத்த கட்டளைக்கு அழிக்க வேண்டும். விரல் இருந்தது, மணல் இருந்தது. பாட்டும், தானாக இழுத்துப் பார்க்கும் கோடும் காணாமல் போய்விட்டன. கையை எடுத்துக்கொண்டு கற்பனையை விட்டுவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

சிதம்பரத்தில் அச்சுப் புத்தகம்

இதே நூற்றாண்டில் நம் ஊரிலும் மாற்றம் வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் எழுதிய "பாலபாடம்" வரிசை, வகுப்புக்குத் தகுந்தபடி படிப்படியாக ஏறும் தமிழ் உரைநடைப் பாடநூல். முதல் இரண்டு பாகங்களும் 1850-களின் தொடக்கத்தில் வந்தன. அதுவரை செய்யுளை மனப்பாடம் செய்தே தமிழ் படித்த பிள்ளைகளுக்கு, எளிய வாக்கியத்தில் தமிழைப் படிக்க முடியும் என்பது பெரிய புதுமை.

ஆனால் அச்சுப் புத்தகம் பரவப் பரவ ஒரு பக்க விளைவும் நடந்தது. எழுத்து என்பது விரலால் செய்வது என்ற நிலை மாறி, கண்ணால் பார்ப்பது என்று ஆனது. காலனி அரசின் பள்ளிகளும் தேர்வுகளும் வந்த பிறகு, படம் வரைவது தனிப் பாடம், மொழி தனிப் பாடம். ஒரே சொல்லாக இருந்த "எழுது" இரண்டாகப் பிரிந்தது.

மணல், தாளாகத் திரும்பி வந்தது

ஐரோப்பாவில் 19-ம் நூற்றாண்டிலேயே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. ஜெர்மனியின் ஃப்ரோபெல் 1837-ல் தொடங்கிய குழந்தைப் பள்ளி விளையாட்டையும் கைவேலையையும் நடுவில் வைத்தது. வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிசெக் 1897-ல் குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கினார். குழந்தை வரைவதைப் பெரியவர்களின் ஓவியத்தின் அரைகுறை நகலாகப் பார்க்கக் கூடாது, அது தனி ஓவியம் என்றார்.

1907-ல் ரோமில் மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, உப்புத்தாளில் வெட்டிய எழுத்து. குழந்தை அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே அந்த ஒலியைச் சொல்லும். கூடவே வடிவச் சட்டங்களை வைத்துக் கோடிழுத்து வண்ணம் தீட்டும். எழுது என்று யாரும் சொல்லாமலேயே நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒருநாள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் சொற்களை எழுதத் தொடங்கினார்களாம். விரலால் தடவி, வாயால் சொல்லி... திண்ணை ஞாபகம் வருகிறதா?

அந்த மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பு. சில மாதங்கள் தங்க வந்தவர், உலகப் போர் மூண்டு இத்தாலியும் போரில் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அடையாறிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அதே அடையாறில்தான் ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியிருந்தார்.

காந்தியும் இதைச் சொல்லியிருக்கிறார். தன் கையெழுத்து மோசமானது என்று சுயசரிதையில் வருத்தப்படும் இடத்தில், குழந்தைக்கு எழுத்தைவிட முதலில் ஓவியம் சொல்லித்தர வேண்டும், பூவையும் பறவையையும் பார்ப்பது போல எழுத்தையும் பார்த்துப் பழகட்டும், பொருள்களை வரையத் தெரிந்த பிறகு எழுதட்டும் என்கிறார்.

இதற்கான காரணத்தை விளக்கியவர் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி. குழந்தை வரைவதே ஒருவகைப் பேச்சு என்றார் அவர். கவனித்துப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை வரையும்போது சும்மா இருக்காது. "இது அம்மா, இது மழை, அம்மா மழையில போறா" என்று சொல்லிக்கொண்டே வரையும். படம் பாதி, பேச்சு பாதி. பொருளைக் கோடாக்கலாம் என்று கண்டுகொண்ட குழந்தை, ஒரு கட்டத்தில் பேச்சையே கோடாக்கலாம் என்று கண்டுகொள்கிறது. அதுதான் எழுத்து! கிறுக்கலைத் தடுத்தால் அந்தப் படியையே உடைக்கிறோம் என்று பொருள்.

கிறுக்கலுக்கும் ஒழுங்கு உண்டு. அமெரிக்காவின் ரோடா கெல்லாக் லட்சக்கணக்கான குழந்தைப் படங்களைச் சேகரித்துப் பார்த்து, எல்லாக் கிறுக்கல்களையும் 20 அடிப்படை வடிவங்களாகப் பிரித்தார். புள்ளி, கோடு, வளைவு, சுழி... தமிழ் எழுத்துக்கு வேண்டியதும் இவைதானே! நம் வீட்டு வாசல் கோலத்துக்கும் இவைதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் 1970-களில் கோலத்தை ஒரு மொழியாகவே எடுத்துக்கொண்டு அதற்குக் கணினி அறிவியல் முறையில் இலக்கணம் வகுத்தார்கள். மார்கழிக் காலையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி வைக்கும் குழந்தை, இலக்கண வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பாட்டைத் திருப்பித் தந்தவர்கள்

படம் போலவே பாட்டும் தமிழ் வகுப்பறைக்குத் திரும்பியது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைக்குப் புரியும் தமிழில் பாடல் எழுதினார். அவருக்குப் பின் அழ. வள்ளியப்பா. இவர் தமிழாசிரியர் அல்ல, இந்தியன் வங்கி ஊழியர் என்பது வணிகவியல் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி! 1944-ல் "மலரும் உள்ளம்" தொகுப்பை வெளியிட்டார். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். மூன்று தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் இவர்களின் பாட்டில்தான் முதல் சொற்களைப் பழகினார்கள்.

சொல் நின்றுபோன நாட்கள்

கலை என்பது பாடம் எல்லாம் முடிந்த பிறகு நேரம் இருந்தால் பார்க்க வேண்டிய விஷயம் என்று நினைப்பவர்கள் கடலூரின் ஒரு காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினம், முதுநகரை ஒட்டிய சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி, தெற்கே கிள்ளைக்குப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு என்று குப்பம் குப்பமாக இழப்பு. இறந்தவர்களில் குழந்தைகள் ஏராளம். பிழைத்த குழந்தைகளில் பலர் பேச்சு குறைந்து, கடலைப் பார்க்கவே பயந்து, ராத்திரியில் அலறி எழுந்தார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகக் கடற்கரையில் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தது. முகாம்களில் விளையாட்டு, கதை, பொம்மை, ஓவியம். "என்ன நடந்தது சொல்லு" என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, வெள்ளைத் தாளையும் வண்ணக் குச்சியையும் கொடுத்தால் வரையும். வீட்டைவிட உயர்ந்த அலை, கவிழ்ந்த படகு, தென்னை மரத்தின் உச்சியில் மனிதர்கள். வரைந்து முடித்த பிறகு அந்தப் படத்தைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லும். பிறகு இன்னொரு வார்த்தை.

ஐந்து வயதுக் குழந்தையிடம் "துக்கம்", "பயம்" என்பதற்கெல்லாம் போதுமான சொற்கள் இல்லை. ஆனால் கை இருக்கிறது. சொல்லுக்கு முன்னால் கோடு வரும் என்ற அந்தப் பழைய உண்மை, எந்தக் கடற்கரை மணலில் பிள்ளைகள் எழுதிப் பழகினார்களோ அதே கடற்கரையில் இப்படி ஒரு சோகத்தில் நிரூபணமானது.

தாழ்வாக வைத்த கரும்பலகை

அதே ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் இருந்து எடுத்த முறை. 2007-08-ல் அது மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. கடலூர், சிதம்பரம் பள்ளிகளும் இதில் அடக்கம்.

பறவை, விலங்குப் படங்கள் போட்ட அட்டைகள், கற்றல் ஏணி, தரையில் பாய். இவற்றையெல்லாம்விட அழகான மாற்றம் ஒன்று உண்டு. கரும்பலகை சுவரின் உயரத்திலிருந்து இறங்கி, சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுற்றிலும் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென்று ஒரு பகுதி. அதில் படமும் போடலாம், எழுத்தும் போடலாம், அழிக்கலாம். மணல் பலகையே சுவரில் ஏறியது போல!

பின்னாளில் இந்த முறை பல மாற்றங்களைச் சந்தித்தது. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் வந்த இழப்பைச் சரிசெய்ய, 2022-ல் தமிழக அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைக் கொண்டுவந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் மறுபடி வகுப்புக்குள் வந்தன.

கடைசியாகச் சில வார்த்தைகள்

இந்த 400 ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புரியும். கருவி முக்கியமில்லை. மணல், உப்புத்தாள், அட்டை, கரும்பலகை எதுவாகவும் இருக்கலாம். அதே மணல் தெல்லா வல்லே பார்த்த சிறுவர்களிடம் பாட்டோடு இருந்தது, லங்காஸ்டர் பள்ளியில் கட்டளையோடு இருந்தது. குழந்தை தானாகக் கோடிழுத்து, அதைப் பற்றித் தானாகப் பேச இடம் தரும்போது மட்டுமே அது கலை. அந்த இடம் போய்விட்டால் எவ்வளவு வண்ணமயமான பொருளும் இன்னொரு மனப்பாடக் கருவிதான். அச்சடித்த ஆப்பிளுக்குள் சிவப்பு மட்டும்தான் அடிக்க வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது என்று எல்.கே.ஜி. பிள்ளையை மிரட்டுவதும் ஓவிய வகுப்பு என்றுதான் அழைக்கப்படுகிறது!

இதற்குப் பெரிய பணம் எதுவும் தேவையில்லை. வீட்டில் தம்பியோ தங்கையோ அக்கா பிள்ளையோ இருந்தால், சுவரில் கிறுக்கியதற்கு அடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். "இது என்ன? யானையா? யானைக்கு இப்படியா தும்பிக்கை இருக்கும்?" என்று திருத்த வேண்டாம். "இதைப் பத்திச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு பாருங்கள், எத்தனை வாக்கியம் வருகிறது என்று.